மஜ்ஜைக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது?

கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே, நொய்யல் கரையில் இருக்கும் பேரூராட்சி சாமளாபுரம். சோமனூர், கருமத்தம்பட்டி, மங்கலம் என்று சுற்றிலும் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர்கள். இங்கே தறிக்கூடம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெசவு செய்பவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். எந்த ரகம், எத்தனை மீட்டர் என்பதையும் அவரே சொல்வார். தறி ஒருவருடையது, ஓட்டுபவர் இன்னொருவர். ஆனால் இந்த வாரம் என்ன நெய்யப்படும் என்பதை முடிவு செய்பவர், சந்தை நிலவரம் தெரிந்த மூன்றாமவர். நம் உடலில் ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையிலும் இப்படி ஒரு மூன்றாமவர் இருக்கிறார். டி செல் என்ற வெள்ளை அணுதான் அவர். இதை உயிரியலாளர்கள் முழுமையாக ஒப்புக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

மஜ்ஜையின் உற்பத்தி அளவைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். வளர்ந்த ஒருவரின் உடல் தினமும் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களைப் புதிதாக உண்டாக்குகிறது. நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல். இதற்கு மேல் தட்டணுக்கள் எனப்படும் பிளேட்லெட்டுகள் சுமார் 10,000 கோடி, நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களும் ஏறக்குறைய அதே அளவு. இவ்வளவுக்கும் மூலம் ரத்த ஸ்டெம் செல்கள். ஒரு மனிதரின் ரத்தத்துக்குப் பங்களிக்கும் ஸ்டெம் செல்கள் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரைதான் இருக்கும் என்று 2018-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு கணித்தது. அவற்றிலும் பெரும்பாலானவை எந்த நேரத்திலும் பிளவுபடாமல் உறங்கிக்கொண்டிருப்பவை. எதை எழுப்புவது, எழுந்தது சிவப்பணுவாவதா வெள்ளை அணுவாவதா என்பதை யாரோ தீர்மானிக்க வேண்டும்.

1961-ம் ஆண்டு இந்தத் துறைக்கு இரண்டு பெரிய வரவுகளைத் தந்தது. டொரான்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் எலிகளின் மண்ணீரலில் தோன்றிய சிறு கட்டிகளைக் கொண்டு ரத்த ஸ்டெம் செல் இருப்பதை நிறுவும் பணியைத் தொடங்கினர். அதே ஆண்டில் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸ் சுரப்பியை அகற்றினால் அவற்றின் நோய் எதிர்ப்பு குலைந்துபோவதைக் காட்டினார். மஜ்ஜையில் பிறந்த முன்னோடிச் செல்கள் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸுக்குப் போய்ப் பயிற்சி பெற்று டி செல்களாக வெளியே வருகின்றன என்பது பின்னர் தெளிவானது. பாடப்புத்தகங்கள் இதை நெடுங்காலம் ஒருவழிப் பயணமாகவே வரைந்தன. மஜ்ஜை பெற்றெடுக்கிறது, டி செல் வெளியே போய் வேலை செய்கிறது. அத்தோடு கதை முடிந்தது.

உண்மையில் டி செல்கள் திரும்பி வருகின்றன. மஜ்ஜையில் உள்ள கருவுள்ள செல்களில் நூற்றுக்குச் சில டி செல்களாகவே இருக்கின்றன. அவற்றில் நிறைய, ஒருமுறை நோய்க்கிருமியைச் சந்தித்து அதை நினைவில் வைத்திருப்பவை. அம்மையோ ஃப்ளூவோ வந்து போய்ப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும், அதை அடையாளம் காணும் டி செல்கள் மஜ்ஜையில் தங்கியிருக்கின்றன. பிறந்த வீட்டுக்கு வந்த இந்தச் செல்கள் சும்மா இருப்பதில்லை.

2005-ல் பிரேசிலைச் சேர்ந்த ஜோவாவ் மொன்டெய்ரோ, அட்ரியானா போனோமோ குழுவினர் தைமஸ் இல்லாமல் பிறந்த எலிகளின் மஜ்ஜையை ஆராய்ந்தனர். அவற்றின் மஜ்ஜையில் வெள்ளை அணுக்களின் முதிராத வடிவங்கள் குவிந்து கிடந்தன. ரத்தத்துக்கு வந்து சேர்ந்த முதிர்ந்த அணுக்களோ குறைவு. சிடி4 வகை டி செல்களைச் செலுத்தியதும் உற்பத்தி சீரானது. டி செல்கள் இருந்தும் அவை தூண்டப்படாத நிலையில் இருந்த எலிகளுக்கும் இதே குறைபாடு இருந்தது. ஆகவே டி செல் மஜ்ஜையில் வெறுமனே இருந்தால் போதாது, விழிப்போடு செயல்பட வேண்டும். இன்டர்லூகின்-3, ஜிஎம்-சிஎஸ்எஃப் போன்ற வளர்ச்சிப் புரதங்களைத் தூண்டப்பட்ட டி செல்கள் சுரக்கின்றன என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தப் புரதங்கள் மஜ்ஜைச் செல்களைப் பெருக்கி முதிரச் செய்பவை.

நோய்த்தொற்று வரும்போது இந்த உறவு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. டி செல்கள் சுரக்கும் முக்கியமான புரதம் இன்டர்ஃபெரான் காமா. ஹூஸ்டனில் மார்கரெட் குடெல்லின் ஆய்வகத்தில் மேகன் பால்ட்ரிட்ஜ் குழுவினர், காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் ஏவியத்தை எலிகளுக்குத் தொற்றவைத்தார்கள். நீண்டு நின்ற அந்தத் தொற்றில், உறங்கிக்கொண்டிருந்த ஸ்டெம் செல்களை இன்டர்ஃபெரான் காமா எழுப்பிப் பிளவுபடச் செய்தது. 2010-ல் வெளியான முடிவு இது. நான்கு ஆண்டுகள் கழித்து சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் குழு ஒன்று வைரஸ் தொற்றில் இன்னொரு வழியைக் கண்டது. கொல்லி டி செல்கள் சுரந்த இன்டர்ஃபெரான், மஜ்ஜையின் தாங்கு செல்களைத் தூண்டுகிறது. அவை இன்டர்லூகின்-6 என்ற புரதத்தை வெளியிடுகின்றன. அதன் விளைவாக மோனோசைட் என்ற வெள்ளை அணு கூடுதலாக உருவாகிறது. இங்கே டி செல் ஸ்டெம் செல்லிடம் நேரடியாகப் பேசவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வேலையை முடித்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் நாட்களிலேயே பிசிஜி தடுப்பூசி போடுகிறார்கள். இடது தோளில் சின்னத் தழும்பாக நிற்கும் அந்த ஊசி, எலிகளில் மஜ்ஜை வரை எட்டுவதை மான்ட்ரியாலின் மசியார் திவங்காஹி குழு 2018-ல் காட்டியது. மஜ்ஜையை அடைந்த பிசிஜி ஸ்டெம் செல்களை மாற்றியமைத்தது; அவற்றிலிருந்து பிறந்த வெள்ளை அணுக்கள் காசநோய்க் கிருமியை முன்னைவிட நன்றாக எதிர்த்தன. இந்தப் பயிற்சிக்கும் இன்டர்ஃபெரான் காமாவின் சைகை தேவைப்பட்டது.

எழுப்புவதைப் போலவே உறங்கவைப்பதும் டி செல்லின் வேலைதான். எதிர்ப்பாற்றல் எல்லை மீறாமல் அடக்கி வைக்கும் ஒழுங்காற்று டி செல்கள் மஜ்ஜையில் ஸ்டெம் செல்களுக்கு அருகிலேயே குடியிருக்கின்றன. 2011-ல் பாஸ்டனில் ஜோஜி ஃபுஜிசாகி குழுவினர் உயிருள்ள எலியின் எலும்புக்குள் நுண்ணோக்கி வழியே பார்த்தபோது, வேறு எலியிடமிருந்து செலுத்திய அந்நிய ஸ்டெம் செல்கள்கூட எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவும் இல்லாமல் 30 நாட்கள் தப்பிப் பிழைத்திருந்தன. ஒழுங்காற்று டி செல்களை நீக்கியதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. இந்தச் செல்கள் அடினோசின் என்ற வேதிப்பொருளின் மூலம் ஸ்டெம் செல்களை உறக்கத்தில் வைத்துக் காக்கின்றன என்று 2018-ல் மற்றோர் ஆய்வு விளக்கியது.

2022-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரிலிருந்து வந்த செய்தி இந்தச் சித்திரத்துக்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தது. ரத்த ஸ்டெம் செல்களே தங்களுக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை மேற்பரப்பில் ஏந்தி சிடி4 டி செல்களுக்குக் காட்டுகின்றன. சந்தேகத்துக்குரிய துண்டு தென்பட்டால், டி செல் அந்த ஸ்டெம் செல்லை முதிர்ச்சிப் பாதையில் தள்ளிவிடுகிறது. முதிர்ந்த செல் தன் குறுகிய ஆயுள் முடிந்ததும் மடிந்துபோகும். கெட்டுப்போன ஸ்டெம் செல் வாழ்நாள் முழுக்கத் தன்னைப் பெருக்கிக்கொண்டிருக்கும் ஆபத்து இப்படித் தவிர்க்கப்படுகிறது.

உத்தரவு கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரால் உற்பத்தியை நிறுத்தவும் முடியும். அப்படி நின்றுபோகும் நோயின் பெயர் அப்ளாஸ்டிக் அனீமியா.

டெங்கு எட்டிப் பார்த்த வீடுகளில் பிளேட்லெட் எண்ணிக்கை பற்றித் தெரியாதவர் இல்லை. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது முப்பதாயிரத்துக்கு இறங்கும். காய்ச்சல் விட்ட சில நாட்களில் மீண்டும் ஏறிவிடும். அப்ளாஸ்டிக் அனீமியாவில் அது ஏறுவதில்லை. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், காரணமே இல்லாமல் தோலில் நீலத் திட்டுகள், பெண்களுக்கு நிற்காத மாதப்போக்கு என்று தொடங்கும். பிளேட்லெட்டுக்கு ஆயுள் 7 முதல் 10 நாட்கள்தான் என்பதால் அதன் குறை சீக்கிரம் வெளியே தெரிகிறது. நியூட்ரோஃபிலின் ஆயுள் அதைவிடவும் குறைவு. அது இல்லாமல் போகும்போது சாதாரணத் தொற்றும் அடங்காத காய்ச்சலாகிறது. 120 நாட்கள் வாழும் சிவப்பணுக்கள் மெல்லக் குறைந்து, படியேறினாலே மூச்சு வாங்கும். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால் செல்கள் நிறைந்திருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு மட்டுமே தெரியும். நியூட்ரோஃபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழ், பிளேட்லெட் 20,000-க்குக் கீழ் என்பவை நோய் தீவிரமாக இருப்பதைச் சொல்லும் அளவுகோல்களில் முக்கியமானவை.

இந்த நோயை முதலில் விவரித்தவர் பால் எர்லிக். 1888-ல் பெர்லினில் ஓர் இளம் கர்ப்பிணிப் பெண் கடும் ரத்தசோகையோடும் ரத்தக் கசிவோடும் இறந்தபோது, அவரது மஜ்ஜை வெறும் கொழுப்பாகி இருப்பதை எர்லிக் பதிவு செய்தார். அடுத்த பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் காரணத்தை வெளியே தேடினார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. கதிர்வீச்சோடு வாழ்ந்த மேரி கியூரி 1934-ல் இந்த நோயால்தான் இறந்தார். ஒட்டுப்பசைகளிலும் கரைப்பான்களிலும் இருந்த பென்சீன் மஜ்ஜையை அழிப்பது 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தெரியும். இஸ்தான்புல்லின் செருப்புத் தொழிலாளர்களிடம் முசாஃபர் அக்சாய் அதை விரிவாக ஆவணப்படுத்தினார். ஆனால் பெரும்பாலான நோயாளிகள் பென்சீனையோ கதிர்வீச்சையோ தொட்டதே இல்லை. ஸ்டெம் செல்கள் தாமாகவே அழிந்துபோகின்றன என்று நினைத்தவர்களுக்கு, புதிய ஸ்டெம் செல்களைக் கொடுத்தால் நோய் தீர்ந்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்த எண்ணத்தை முதலில் அசைத்தவர்கள் இரட்டையர்கள். ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவரின் மஜ்ஜை அச்சு அசலாகப் பொருந்தும். நிராகரிப்புக்கு வழியே இல்லை. அப்படி இருந்தும், எந்த முன்சிகிச்சையும் இல்லாமல் மஜ்ஜையை மட்டும் செலுத்தியபோது பலருக்கு அது பிடிக்கவில்லை. முதலில் நோயாளியின் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கிவிட்டு அதே இரட்டையரின் மஜ்ஜையைக் கொடுத்தபோது பிடித்தது. புதிதாக வந்த ஸ்டெம் செல்களையும் அழிக்கும் ஏதோ ஒன்று நோயாளியின் உடலிலேயே இருந்தது.

1970-ல் பாரிஸில் ஜார்ஜ் மாத்தே கண்டது இன்னும் வியப்பானது. சரியாகப் பொருந்தாத மஜ்ஜையை ஏற்கவைப்பதற்காக, டி செல்களை அழிக்கும் சீரத்தை அவர் நோயாளிகளுக்கு முதலில் கொடுத்தார். பிறருடைய மஜ்ஜை பிடிக்கவில்லை. ஆனால் சில நோயாளிகளின் சொந்த மஜ்ஜை மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது. 1977-ல் சுவிட்சர்லாந்தின் பாசலில் புருனோ ஸ்பெக் இந்தச் சீரத்தைக் கொண்டே நோயாளிகளைத் தேற்றிய அனுபவத்தை வெளியிட்டார். கொழுப்பாகிப்போன மஜ்ஜையிலும் கொஞ்சம் ஸ்டெம் செல்கள் உயிரோடு காத்திருந்தன. தடையை விலக்கியதும் அவை வேலைக்குத் திரும்பின.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் நீல் யங் இந்த நோயைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தவர். நோயாளிகளின் தூண்டப்பட்ட டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவை மிகுதியாகச் சுரப்பதை 1980-களிலேயே அவரது குழு காட்டியது. அளவோடு இருந்தால் தொற்றுக்கு எதிராக ஸ்டெம் செல்லை எழுப்பும் அதே புரதம், ஓயாமல் பொழிந்தால் அதைத் தேய்த்து அழிக்கிறது.

குற்றவாளி டி செல்தான் என்பதற்கு அழகான சான்று 2011-ல் ஜப்பானின் கனசாவாவிலிருந்து வந்தது. ஒவ்வொரு செல்லும் தன் அடையாளத்தை டி செல்லுக்குக் காட்டப் பயன்படுத்தும் எச்.எல்.ஏ புரதங்களின் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. ஷின்ஜி நகாவோ, கதகிரி எனப் பல ஆய்வாளர்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், அப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதத்தினரிடம், தாய் வழியாகவோ தந்தை வழியாகவோ வந்த எச்.எல்.ஏ தொகுதி ஒன்றைத் தொலைத்துவிட்ட ரத்த அணுக்கள் பெருகியிருந்தன. டி செல் எந்த அடையாளத்தைப் பார்த்துக் கொல்கிறதோ அதை இழந்த ஸ்டெம் செல் மட்டும் தப்பிப் பிழைத்து, காலியான மஜ்ஜையை நிரப்பியிருக்கிறது. தாக்கியவர் யார் என்பதைத் தப்பியவரே காட்டிக்கொடுத்துவிட்டார்.

மேற்கு நாடுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 2 பேருக்கு வரும் இந்த நோய், ஆசியாவில் இரண்டு மூன்று மடங்கு அதிகம். தாய்லாந்தில் சுரபோல் இசரகிரிசில் தலைமையில் பல ஆண்டுகள் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு, பூச்சிமருந்து, கிணற்று நீர் போன்ற நாட்டுப்புற வாழ்க்கைச் சூழலோடு நோய்க்குத் தொடர்பு இருப்பதைக் கண்டது. சுற்றுச்சூழலில் இருக்கும் ஏதோ ஒன்று டி செல்களை முதலில் சீண்டிவிடுகிறது என்ற பார்வைக்கு அது வலுச் சேர்த்தது.

நோய்க்கு இரண்டு வழிகளில் சிகிச்சை உண்டு. ஒன்று, மஜ்ஜை மாற்று. இந்தியாவில் அது 1983-ல் மும்பையின் டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. 1986-ல் வேலூர் சி.எம்.சி.யில் மாம்மன் சாண்டி தலைமையில் மஜ்ஜை மாற்றுப் பிரிவு பிறந்தது. இப்போது கோவையிலேயே இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரு குழந்தை, இரண்டு குழந்தை என்று குடும்பங்கள் சுருங்கிவிட்ட தமிழ்நாட்டில் பலருக்கு வீட்டுக்குள் கொடையாளி கிடைப்பதில்லை. 2009-ல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளின் அவசியம் அங்கேதான் வருகிறது. பாதி மட்டும் பொருந்தும் தாய், தந்தை, பிள்ளைகளிடமிருந்தும் இன்று மஜ்ஜை எடுக்கிறார்கள். மாற்று முடிந்த மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்ஃபமைடு கொடுத்து, அந்நிய உடலைப் பார்த்துச் சீறிப் பெருகும் டி செல்களை மட்டும் பொறுக்கி அழிக்கும் முறை அதைச் சாத்தியமாக்கியது.

கொடையாளியின் டி செல்களை மொத்தமாக நீக்கிவிட்டால் என்ன என்று 1980-களில் முயன்று பார்த்தார்கள். நோயாளியின் உடலைத் தாக்கும் எதிர்வினை குறைந்தது. ஆனால் மஜ்ஜை பிடிக்காமல் போவது அதிகமானது. நோயாளியிடம் எஞ்சியிருக்கும் டி செல்களை அடக்கி, புதிய ஸ்டெம் செல்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது கொடையாளியின் டி செல்கள்தான்.

கொங்கு நாட்டில் ஒருவருக்கு ரத்தம் தேவை என்றால் பங்காளிகளும் கூடப் பிறந்தவர்களும் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். அப்ளாஸ்டிக் அனீமியா என்று சந்தேகம் வந்த நொடியில் அந்தப் பாசத்துக்கு ஓர் எல்லை போட வேண்டியிருக்கிறது. நெருங்கிய ரத்த உறவினர் கொடுத்த ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களை நோயாளியின் டி செல்கள் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு அதே உறவினரின் மஜ்ஜை வரும்போது அடையாளம் கண்டு விரட்டிவிடும். ஆகவே மஜ்ஜை கொடுக்க வாய்ப்புள்ள உறவினரின் ரத்தத்தை ஏற்றக்கூடாது; ரத்த வங்கியிலிருந்து, வெள்ளை அணுக்களை வடிகட்டிய ரத்தமே நல்லது. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு தாமதமாக வரும் நோயாளிகள் இந்தியாவில் அதிகம் என்பதால், வேலூர் மருத்துவர்கள் டி செல்களை வலுவாக அடக்கும் ஃப்ளூடாரபின் மருந்தை மாற்றுக்கு முந்தைய சிகிச்சையில் சேர்த்துப் பயன்படுத்தினார்கள்.

இரண்டாவது வழி, டி செல்களை அடக்குவது. மனிதத் தைமஸ் செல்களைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதங்களைப் பிரித்தெடுப்பதே ஏ.டி.ஜி. என்ற மருந்து. மும்பையின் பாரத் சீரம்ஸ் நிறுவனம் இதை இந்தியாவிலேயே தயாரிக்கிறது. முயலிடமிருந்து எடுப்பது இன்னும் வலுவானது என்பதால் அது கூடுதலாகப் பலன் தரும் என்று எதிர்பார்த்தார்கள். 2011-ல் அமெரிக்காவில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, ஆறு மாதத்தில் குதிரை மருந்துக்கு 68 சதவீதத்தினரும் முயல் மருந்துக்கு 37 சதவீதத்தினரும் தேறினர். ஏ.டி.ஜி.யோடு சைக்ளோஸ்போரின் மாத்திரையும் சேர்கிறது. நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்த இந்த மருந்து, டி செல் தூண்டப்படுவதையே தடுக்கும்.

அடுத்து வந்தது எல்ட்ரோம்போபாக். ஸ்டெம் செல்கள் பிழைத்திருக்கத் த்ரோம்போபொய்ட்டின் என்ற ஹார்மோன் தேவை. நோயாளிகளின் ரத்தத்தில் அது ஏராளமாகவே இருக்கிறது, ஆனாலும் பயன் இல்லை. காரணம், டி செல்களின் இன்டர்ஃபெரான் காமா அந்த ஹார்மோனோடு ஒட்டிக்கொண்டு, ஸ்டெம் செல்லின் ஏற்பியில் அது சரியாகப் பொருந்தவிடாமல் தடுக்கிறது. எல்ட்ரோம்போபாக் அதே ஏற்பியில் வேறோர் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் இந்தத் தடை அதைப் பாதிப்பதில்லை. 2022-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 197 நோயாளிகள் பங்கேற்றனர். பழைய இரட்டை மருந்தில் ஆறு மாதத்தில் 41 சதவீதத்தினர் தேறினர். இந்த மாத்திரையைச் சேர்த்தபோது அது 68 சதவீதமாக உயர்ந்தது.

ஏ.டி.ஜி. நரம்பு வழியே சில நாட்களில் ஏறி முடிந்துவிடும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். எஞ்சிய கொஞ்சம் ஸ்டெம் செல்களிலிருந்து முழு மஜ்ஜையும் மறுபடி நிரம்பியாக வேண்டுமே. அந்த மாதங்களில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலே, இரவு ஷிஃப்டாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேறிய பின்னும் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் திரும்புகிறது. ஸ்டெம் செல்லை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் முற்றாக ஒழிவதில்லை என்பதால்தான், எண்ணிக்கை சரியான பிறகும் சைக்ளோஸ்போரினைச் சட்டென்று நிறுத்தாமல் மாதக்கணக்கில் அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். சோமனூரிலோ பல்லடத்திலோ உள்ள ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து, பிளேட்லெட்டும் நியூட்ரோஃபிலும் ஹீமோகுளோபினும் குறைகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பது ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய வேலை.